மதியக் காற்றும் நயினார் அண்ணாச்சியின் கோடும்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆய்வகத்தின் கிழக்குச் சுவரில், வெளிக்காற்று உள்ளே வரும் காற்றுவாயை மூடாமல் அளவெடுக்கக் கூடாது என்று, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோரிடமும் சொல்லியிருப்பார்கள். ஏன் என்று கேட்டிருந்தால், "இங்கன அப்படித்தான் பழக்கம்" என்று யாராவது பதில் சொல்லியிருப்பார்கள். பணியில் இருந்த காலம் முழுக்க எனக்கு ஆகவே ஆகாத சொல் இந்தப் 'பழக்கம்'. ஓய்வு பெற்ற பிறகும் அந்த எரிச்சல் போகவில்லை. நம் லேசர் மேசைக்கு இப்போது பொறுப்பாக இருக்கும் ரெக்ஸ்லின், புதியவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, எழுதுவதென்றால் இதைத்தான் எழுதுவேன் என்றேன். அவள், "எழுதுங்க மேடம்" என்றாள்.

லேசரை நேராக்குவது எப்படி, வெற்றிடக் கலத்தைச் சூடேற்றிச் சுத்தம் செய்வது எப்படி என்பதற்கெல்லாம் கையேடுகள் இருக்கின்றன. என்னைவிடப் பொறுமையாக அவை சொல்லித்தரும். நான் சொல்லப்போவது, எல்லாம் சரியாக நடக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த ஒரு காலத்தைப் பற்றி. கோளாறு வந்தால் கண்டுபிடித்துவிடுவீர்கள், கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். எல்லாம் நினைத்தபடியே வரும்போது என்ன செய்வீர்கள் என்பதுதான் என் கவலை.

இந்த வேலை எதற்கென்று முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் கேட்டாலும் இதையே சொல்லுங்கள். ருபிடியம் அணுக்களை லேசர் ஒளியால் குளிரவைத்து, அசைவே இல்லை எனும் அளவுக்கு அடக்கி, ஒளியாலேயே கட்டிய ஒரு கூட்டுக்குள் வைத்திருக்கிறோம். பிறகு ஒரு லேசர் துடிப்பு. ஒரு நொடியை லட்சம் கோடித் துண்டுகளாக்கினால் அதில் சில துண்டுகள்தான் அந்தத் துடிப்பின் ஆயுள். அதற்குள் அணுவின் எலக்ட்ரான் வெகுதூரத்துக்குத் தூக்கி எறியப்படுகிறது. அணு ஊதிப் பெருக்கிறது. அதுவரை பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் கிடந்த அணுக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் ஒன்றையொன்று உணர ஆரம்பிக்கின்றன.

மாதா கோயில் திருவிழாவில் தேர் திரும்புகிற மூலையில் நின்றிருப்பீர்கள். எவனோ ஒருவன் முழங்கையை அசைப்பான், நாலு வரிசை தள்ளி ஒரு அம்மா தள்ளாடுவாள். யார் யாரைத் தள்ளினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. நம் அணுக்களின் நிலைமையும் அதுதான். ஓர் அணு, இரண்டு அணு என்றால் தாளில் கணக்குப் போடலாம். சில பத்துகளைத் தாண்டினால் உலகத்தில் உள்ள எந்தக் கணினிக்கும் மூச்சுத் திணறும். நம் கூட்டுக்குள் இருப்பவை பல்லாயிரம். அதனால்தான் கணக்கை அணுக்களிடமே கொடுத்துவிட்டு, அவை என்ன செய்கின்றன என்று பார்க்கிறோம்.

பார்ப்பதற்கும் ஒரு வழி உண்டு. முதல் துடிப்புக்குப் பின்னாலேயே இரண்டாவது துடிப்பை அனுப்புகிறோம். இரண்டுக்கும் இடையிலான நேரத்தை இம்மி இம்மியாக மாற்றும்போது, எலக்ட்ரானின் அலை ஏறி இறங்குவது திரையில் தெரியும். அணுக்கள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாவிட்டால் அந்த அலை துலக்கமாக இருக்கும். தொந்தரவு அதிகமாக ஆக, மங்கிவிடும். எவ்வளவு மங்குகிறது, எவ்வளவு சீக்கிரம் மங்குகிறது என்பதில்தான் கூட்டத்தின் கதை முழுவதும் இருக்கிறது.

ஒரு சிக்கலையும் கவனியுங்கள். வேறு எவராலும் போட முடியாத கணக்கு என்பதால்தான் அணுக்களிடம் கொடுத்தோம். அப்படியென்றால், அவை சொல்லும் விடை சரியா என்று யாரிடம் போய்க் கேட்பது? இந்தக் கேள்வியை விட்டுவிட்டு இங்கே வேலை பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

நயினார் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களோடு வேலை பார்த்த கோட்பாட்டாளர். கருவிகளைத் தொடாதவர், தாளும் பேனாவும் மட்டும். தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் குடும்பத்திலிருந்து வந்தவர். எனக்குச் சில வயது மூத்தவர் என்பதால் நான் அண்ணாச்சி என்பேன். அவர் என்னை ஜெசி என்பார், கோபம் வந்தால் டாக்டரம்மா என்பார். அறிவாளி, முன்கோபி, சோறு ஆறிப்போகும்வரை பேசுவார். அவர் இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்தக் கட்டுரையில் பாதியைச் சிவப்புப் பேனாவால் அடித்திருப்பார்.

அணுக்கூட்டத்தைப் பற்றி அப்போது வழக்கத்தில் இருந்த கணக்கு எளிமையானது. ஒவ்வோர் அணுவும் மற்ற எல்லாருடைய சராசரித் தள்ளுதலை உணர்கிறது, அவ்வளவுதான் என்றது அது. அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. அணுக்கள் சராசரியைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் உள்ளவற்றோடு சின்னச் சின்னக் குழுக்களாகப் பின்னிக்கொள்கின்றன, அதனால் அலை எல்லோரும் நினைப்பதைவிட மிக வேகமாக மங்கும் என்று அவர் ஒரு கோட்பாடு எழுதினார். எங்கே அனுப்பினாலும் திரும்பி வந்தது. கருத்தரங்குகளில் அவர் பேச எழுந்தால் சிலர் டீ குடிக்கப் போனார்கள். அதை நானே என் கண்ணால் பார்த்தேன். எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது.

அவருக்கு ஓய்வு நெருங்கிய சமயத்தில்தான் எங்கள் மேசை ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்தது. அவர் கோட்பாட்டுக்கு ஆம் அல்லது இல்லை சொல்லக்கூடியது அந்த மேசை மட்டும்தான். ஆராய்ச்சி மாணவியாக ரெக்ஸ்லின் வந்திருந்தாள். வேம்பாரிலிருந்து கடற்கரைச் சாலை பஸ்ஸில் வருவாள், வரும்போதே பையில் சாப்பாடும் கண்ணில் தூக்கமும் இருக்கும். வேலையில் மட்டும் துளி அசட்டை கிடையாது.

எங்கள் அளவீட்டில் இரண்டு பகுதி. அணுக்கள் மிகக் குறைவாக இருக்கும் மேகத்தை முதலில் அளப்போம், அதில் யாரும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'தனிக்கட்டை'. பிறகு அணுக்கள் நெருக்கமாக உள்ள மேகம், அது 'திருவிழா'. தனிக்கட்டையில் அலை எவ்வளவு துலக்கம், திருவிழாவில் எவ்வளவு மங்கல், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கூட்டத்தின் வேலை. காலையில் தனிக்கட்டை, மதியத்துக்கு மேல் திருவிழா. நெருக்கமான மேகத்தைச் சேர்க்க லேசர்கள் நன்றாகச் சூடாகி நிலைக்க வேண்டும், அதற்குள் மதியம் ஆகிவிடும். காலையில் சும்மா இருப்பானேன் என்று தனிக்கட்டையை முடித்துவிடுவோம். இதில் தப்புச் சொல்ல என்ன இருக்கிறது? யாரும் சொல்லவில்லை. எங்களைப் பார்க்க வந்த வெளியூர் ஆட்களும் தலையாட்டிவிட்டுத்தான் போனார்கள்.

அளவுகளின் முதல் தொகுதி முழுமையாக வந்து, ரெக்ஸ்லின் புள்ளிகளைத் திரையில் போட்டபோது, அவை அண்ணாச்சியின் கோட்பாடு முன்கூட்டியே சொன்ன கோட்டின் மேல் போய் உட்கார்ந்தன. பக்கத்தில்கூட இல்லை, மேலேயே. அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னொருக்கா போடு" என்றார். அவள் மறுபடியும் போட்டாள். "ஏளா, கண்ணு மங்குதா எனக்கு? நெசமாவே கோட்டு மேல தான கெடக்கு?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியே போய்விட்டார். திரும்பி வரும்போது கையில் ஒரு பெட்டி மக்ரூன் இனிப்பு. காவலாளியிலிருந்து கணக்கர்வரை எல்லோருக்கும் தன் கையாலேயே கொடுத்தார். எனக்கு இரண்டாகக் கொடுத்தார். சந்தோஷத்தில் நான் அழுதேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

பிறகு வந்த வாரங்களில் திரும்பத் திரும்ப அளந்தோம், திரும்பத் திரும்ப அதே விடை. அண்ணாச்சி ஓய்வு பெறும் மாதத்தில் இங்கேயே ஒரு கருத்தரங்கு வைத்து முடிவை வெளியிடுவது என்று இயக்குநர் ஏற்பாடு செய்தார். டீ குடிக்கப் போனவர்கள் எல்லோருக்கும் அழைப்புப் போனது. யார் யாரை முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்று அண்ணாச்சி என்னிடம் சொல்லிச் சிரித்தார். மனிதர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இடையில் ஒருநாள் மட்டும் விடை பிசகியது. மன்னார் வளைகுடாப் பக்கம் ஏதோ தாழ்வு மண்டலம், துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். காலையிலிருந்து மேகமூட்டம், உப்பளத்தில் ஆளில்லை, படகுகள் எல்லாம் கரையில். அன்று மதியம் திருவிழாவை அளந்தபோது, மங்கவேண்டிய அளவுக்கு அலை மங்கவில்லை. மின்சாரம் சரியில்லாத நாள், லேசர் நிலைக்காத நாள் என்று யாரோ சொன்னார்கள். அந்த நாளை ஒதுக்கிவைத்தோம். கெட்ட நாளை ஒதுக்குவதும் எல்லா ஆய்வகத்திலும் உள்ளதுதான்.

கருத்தரங்குக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோது ரெக்ஸ்லின் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"மேடம், கூண்டு ஏத்துன அன்னைக்கு லேசர் கெட்டுப்போயிருந்துச்சுன்னு சொன்னோம்லா?"

"ஆமா."

"லேசர் கெட்டிருந்தா அலை இன்னும் மங்கித்தான மேடம் போயிருக்கணும்? அன்னைக்குத் துலக்கமால்லா இருந்துச்சு."

அவள் சொன்னது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கோளாறு என்பது அலையைக் கெடுக்கும், தெளிவாக்காது. நாங்கள் கெட்ட நாள் என்று தூக்கிப் போட்டது, ஒருவேளை இருந்ததிலேயே நல்ல நாளாக இருக்கலாம். அப்படியானால் மற்ற மதியங்களில் எல்லாம் என்ன நடந்தது?

"காலையிலயும் மதியத்துலயும் வேற என்ன மாறுது?" என்று கேட்டேன்.

"காத்து மேடம். பன்னெண்டு மணிக்கு மேல கடக்காத்து வந்துருது. கூண்டு ஏத்துன அன்னைக்கு மேகம் மூடிக்கெடந்துச்சு, கடக்காத்தே இல்ல. நம்ம காத்துவாய் கடலப் பாத்துல்லா இருக்கு."

கட்டடம் கட்டியபோது எந்தப் புண்ணியவான் அந்தக் காற்றுவாயைக் கடலைப் பார்த்து வைத்தானோ தெரியாது. உப்பு உள்ளே வரக்கூடாது என்று வடிகட்டிமேல் வடிகட்டியாகப் போட்டிருந்தோம். உப்பு வரவில்லை. வெளியே காற்று அடிக்க அடிக்க, உள்ளே மேசைமேல் காற்றோட்டம் கூடும். இரண்டு துடிப்புகளும் போகும் பாதையில் கொஞ்சத் தூரத்துக்கு மூடிய குழாய் இல்லை. பாதை அசைகிறதா என்று பார்க்க, காவலுக்கென்று நாங்கள் வைத்திருந்த இன்னொரு கதிர் அந்த இடத்துக்கு முன்னாலேயே திரும்பிவிடும், அதனால் அது எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. காற்றின் அந்தச் சிறு அசைவு போதும், அலை மங்கும். கூட்டத்தால் மங்குவதற்கும் காற்றால் மங்குவதற்கும் திரையில் வித்தியாசம் தெரியாது.

இதெல்லாம் அப்போது வெறும் சந்தேகம்தான். தீர்த்துக்கொள்ள வழி சுலபம், வரிசையை மாற்றிப் பார்க்க வேண்டும். அதிலும் சரியான வழி, நாளின் ஒரே வேளையில் இரண்டையும் மாற்றி மாற்றி அளப்பது. ஒவ்வொரு முறையும் நெருக்கமான மேகத்தைச் சேர்த்து, ஒரு தடவை அப்படியே அளந்து, அடுத்த தடவை பெரும்பகுதி அணுக்களை வெளியே தள்ளிவிட்டு அளக்கலாம். நேரம் தின்னும் வேலை, ஆனால் முடியும்.

நீங்கள் என் இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அழைப்புகள் போய்விட்டன. சந்தேகம் பொய்யாக இருந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. மெய்யாக இருந்தால், ஒரு மனிதர் வாழ்நாளெல்லாம் காத்திருந்த ஒரே சாட்சியை, அவர் விடைபெறும் வாசலில் வைத்துப் பறிக்கப்போகிறேன். கருத்தரங்கு முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். யாருக்கும் தெரிந்திருக்காது. சரிபார்க்க இன்னொரு மேசை எங்கேயும் இல்லை. அதனாலேயே தள்ளிவைக்க முடியாது என்று கடைசியில் தோன்றியது. நம் மேசை பொய் சொன்னால் அதைப் பிடிக்க உலகத்தில் வேறு ஆள் இல்லை.

அண்ணாச்சிக்குத் தெரியாமல் செய்ய மனம் வரவில்லை. நானும் ரெக்ஸ்லினும் அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

"எத்தன வருசம் டாக்டரம்மா? போற எடமெல்லாம் சிரிச்சானுவ. ஒரு பய நம்பல. இப்ப அணுவே எம் பக்கம் வந்து சாட்சி சொல்லுது. அந்தச் சாட்சியவும் கலைக்கணும்னு ரெண்டு பேருமா வந்து நிக்கிய."

"கலைக்க வரல சார்" என்றாள் ரெக்ஸ்லின். "நெசமான சாட்சின்னா, வரிசைய மாத்திக் கேட்டாலும் அதையேதான சார் சொல்லும்?"

"அப்ப நான் கேக்கப் பயப்படுதேன்னு சொல்லுத."

"நானும்தான் சார் பயப்படுதேன்."

அவளுடைய பட்டமும் அந்த விடைமேல்தான் நின்றது. அதை அவள் அந்த அறையில் சொல்லவில்லை. அண்ணாச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"அண்ணாச்சி, நாளைக்கு ரெண்டையும் மாத்தி மாத்தி அளக்கப்போறோம்" என்றேன்.

"ஒன் மேச. ஒன் இஷ்டம்."

அளந்தோம். காலை முழுக்க, மதியம் முழுக்க, காற்றுவாயை மூடியும் திறந்தும். நாலைந்து நாளில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிட்டது. காற்றுவாய் திறந்திருந்தால் மதியத்தில் தனிக்கட்டையே மங்கியது. தனிக்கட்டை மங்கக் காரணமே கிடையாது. மூடிவிட்டால் இரண்டும் நாள் முழுக்க ஒரே மாதிரி இருந்தன. கூட்டம் அலையை மங்கவைக்கத்தான் செய்தது, ஆனால் அண்ணாச்சி சொன்ன அளவுக்கு இல்லை. புள்ளிகள் அவர் கோட்டைவிட்டு இறங்கிவிட்டன. சராசரிக் கணக்குக்காரர்களின் கோட்டிலும் போய்ச் சேரவில்லை. இரண்டுக்கும் நடுவில், யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் கிடந்தன. இன்றைக்கு நீங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது அந்த நடு இடத்தோடுதான்.

சொல்ல நான் மட்டும் போனேன். மேசையில் தாள்களைப் பரப்பி, கருத்தரங்கில் பேச வேண்டியதை அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஒங்க கோட்டுல இல்ல அண்ணாச்சி. அவங்க கோட்டுலயும் இல்ல. நடுவுல கெடக்கு."

"எம் பக்கம் சாஞ்சா, அவனுவ பக்கம் சாஞ்சா?"

உங்கள் பக்கம் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. "சரி நடுவுல" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "அவனுவ சொன்னதுதான் சரின்னு வந்திருந்தாக்கூடத் தேவல ஜெசி. தோத்தாச்சுன்னு வீட்டுக்குப் போயிருப்பேன். இது என்ன, தோக்கவும் விடமாட்டேங்கு." அவ்வளவுதான் சொன்னார். தாள்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினார். அதன் பிறகு போனை எடுக்கவில்லை. அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். பூட்டிய அறைக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறார், சாப்பிடக் கூப்பிட்டால் திட்டுகிறார் என்று சேதி வந்தது. சரியானதைத்தான் செய்தேன் என்று எனக்குத் தெரியும். அது ஆறுதலாக இல்லை. சரியானதைச் செய்தால் மனசு லேசாகும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

கருத்தரங்கை நிறுத்தவில்லை. புதிய விடையை வெளியிடுவது என்று முடிவானது. படத்தில் புள்ளிகளும் இரண்டு கோடுகளும். நீலக் கோட்டின் பக்கத்தில் சராசரிக் கணக்கை எழுதியவர்களின் பெயர். சிவப்புக் கோட்டுக்கு என்ன எழுதுவது என்ற பேச்சு வந்தபோது இயக்குநர், "ஓய்வு பெற்றுப் போகிற மனிதர். தப்பான கோட்டில் அவர் பெயர் எதற்கு? கௌரவமாக அனுப்பிவைப்போம்" என்றார். எனக்கும் அது இரக்கமாகத்தான் பட்டது. 'முந்தைய கோட்பாடு' என்று மட்டும் போடச் சொன்னேன். ரெக்ஸ்லின் என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு அப்படியே போட்டாள்.

அன்று அரங்கம் நிறைந்திருந்தது. பெங்களூரிலிருந்தும் மும்பையிலிருந்தும், வெளிநாட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். அண்ணாச்சி வரமாட்டார் என்றே நினைத்தேன். நான் பேச ஆரம்பித்த பிறகு பின்கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை, சவரம் செய்யாத முகம். கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தார்.

காற்றுவாயைப் பற்றிச் சொன்னேன். ஒதுக்கிவைத்த நாளைப் பற்றிச் சொன்னேன். அதைக் கண்டுபிடித்தது ரெக்ஸ்லின் என்று சொன்னேன். படம் திரையில் இருந்தது. கேள்வி நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு வெளிநாட்டு இளைஞர் எழுந்தார். கள்ளம் கபடம் இல்லாமல்தான் கேட்டார். அந்தச் சிவப்புக் கோடு யாருடைய கோட்பாடு, எங்கே படிக்கலாம் என்றார்.

"முன்பு செய்யப்பட்ட ஒரு முயற்சி" என்று ஆங்கிலத்தில் மழுப்பினேன்.

"ஜெசி."

கடைசி வரிசையிலிருந்து வந்தது குரல். அண்ணாச்சி எழுந்து நின்றுகொண்டிருந்தார். அரங்கம் முழுக்க ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் தமிழில் பேசினார்.

"அது யாரு கோடு?"

நான் இயக்குநரைப் பார்த்தேன்.

"புள்ளி எல்லாம் அது மேல கெடந்தப்ப எம் பேர போட்டிருந்தியளா இல்லியா?"

"போட்டிருந்தோம் அண்ணாச்சி."

"இப்ப எங்க?"

வந்திருந்தவர்களில் பாதிப்பேருக்கு மொழி புரியாது. ஆனால் ஒருவர்கூட அசையவில்லை. முன்பு டீ குடிக்கப் போன ஒருவர் முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"இது எங்க தப்பாவுதுன்னு இந்த நாலஞ்சு நாளா ஒக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன். பாதி தெரிஞ்சிட்டு, மீதி தெரியல. நாளைக்கு ஒரு சின்னப் பய வந்து மீதியக் கண்டுபிடிக்கணும்னா, எவன்ட்ட வந்து கேப்பான்? 'முந்தைய கோட்பாடு'ன்னா எந்த ஊரு, எந்தத் தெரு?" திரையைக் கைகாட்டினார். "சரியா இருந்தா எனக்கு, தப்பா இருந்தா அனாதைக்கா? பேரப் போடு ஜெசி."

நான் ரெக்ஸ்லினைப் பார்த்தேன். அவள் அதற்குள் கணினியின் முன் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். பெரிய திரையில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, 'முந்தைய கோட்பாடு' என்ற சொற்கள் ஒவ்வோர் எழுத்தாக அழிந்தன. அந்த இடத்தில் அவர் பெயர் வந்தது.

அண்ணாச்சி உட்காரவில்லை. கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார்.

"இனிஷியலையும் போடும்மா" என்றார். "எங்க ஊர்ல நயினாருன்னு நெறைய பேரு இருக்காவ. அவுக யாரும் இந்தத் தப்பச் செய்யல."

அவள் போட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, தன் பெயரை ஒருமுறை நிதானமாகப் படித்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.